அதிகம் தெரியாத கொயர் இசையை நீங்கள் எப்படி அடுத்தவர் காதில் போடுகிறீர்கள்?

உள்குரல் கேட்டது:

பதினைந்து வருடமாகக் கொயரில், அதாவது பல குரல்கள் சேர்ந்து பாடும் குழுவில், ஆல்ட்டோ பாடுகிறேன். மேலே சோப்ரானோ, கீழே பேஸ், இரண்டுக்கும் நடுவில் தனியாக யார் காதிலும் விழாத குரல் எங்களுடையது. எனக்குப் பிடித்துப்போன பாட்டுகளும் அப்படித்தான் அமைந்துவிட்டன. ஹேண்டலின் மெசையாவையும் மொட்சார்ட்டின் ரெக்வியத்தையும் எல்லாரும் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். நான் உருகுவது அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதற்கு. 1600க்கு முந்தைய பாலிஃபொனி ஒன்று, அதாவது நாலு குரலோ எட்டுக் குரலோ தனித்தனி மெட்டில் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருக்கும் இசை. இன்னொன்று கடந்த நூறு வருடத்தில் எழுதப்பட்டு, கொயரில் பாடுபவர்களைத் தாண்டி வெளியே போகாமலே இருப்பது.

சிக்கல் என்னவென்றால் இதைப் பகிர ஆளில்லை. போன மாதம் மூன்று நண்பர்களுக்கு ஃப்ராங்க் மார்ட்டினின் இரட்டைக் கொயர் மாஸை, அதாவது இரண்டு கொயர் சேர்ந்து பாடும் கிறிஸ்தவ வழிபாட்டு இசையை, அனுப்பினேன். சுவிட்சர்லாந்துக்காரர், 1922இல் எழுதினார், ஆக்னுஸ் தேயி என்ற கடைசிப் பகுதியை மட்டும் 1926இல் சேர்த்தார், அப்புறம் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அது தனக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள விஷயம், ஊரார் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தார். 1963இல்தான் ஹாம்பர்க்கில் முதல் முறையாகப் பாடினார்கள். அந்த ஆக்னுஸ் தேயியில் ஒரு கொயர் கீழே நடை மாறாமல் ஒவ்வொரு அடியாக வைத்துப் போய்க்கொண்டே இருக்கும், மேலே இன்னொரு கொயர் மொத்தமும் ஒரே மெட்டில் நீளமாக இறைஞ்சும். நான் முதலில் கேட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "அமைதியா இருக்கு" என்றார். மூன்றாமவர், என் நெருங்கிய தோழி, வேலை செய்யும்போது பின்னால் ஓடவிட வசதியாக இருக்கிறது என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு மனசு கனத்துப்போனது.

அதனால் கேட்கிறேன். இந்த இசையைக் கேட்டே இராத ஒருவருக்கு நீங்கள் முதலில் எதைக் கொடுப்பீர்கள், எப்படிக் கொடுப்பீர்கள்? உங்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கும் பாட்டுகளையும் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.


அடிக்குரல் எழுதியது:

அரை மணி நேரத்துக்குப் பக்கமாகப் போகிற ஒரு மாஸை வெறும் லிங்க்காக அனுப்பியதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. லத்தீன் தெரியாது, எழுதியவரைத் தெரியாது, எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்றும் தெரியாது, அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? நான் எப்போதும் அந்தப் பாட்டு எதற்காக எழுதப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுவேன்.

என் முதல் தேர்வு ஃபின்லாந்தின் யாக்கோ மான்டியார்வி 1997இல் எழுதிய காந்திகும் கலாமிடாடிஸ் மாரிடிமே. "கடல் பேரிடரின் பாடல்" என்று சொல்லலாம். 1994 செப்டம்பர் 28 அன்று நள்ளிரவு தாண்டியதும், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போய்க்கொண்டிருந்த எஸ்டோனியா என்ற கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியது. 852 பேர் இறந்தார்கள். ஃபின்லாந்து வானொலியில் அந்தக் காலத்தில் வாராவாரம் லத்தீன் மொழியில் செய்தி வாசிப்பார்கள். இந்த விபத்தும் அதில் செய்தியாக வந்தது, மான்டியார்வி அந்தச் செய்தியையே பாட்டின் வரிகளாக எடுத்துக்கொண்டார். இறந்தோருக்கான பிரார்த்தனை வரிகளும், கப்பலேறிக் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றிய பைபிளின் 107ஆம் சங்கீதமும் கூடச் சேர்ந்து வரும்.

ஆரம்பத்தில் பாட்டே இருக்காது, கொயர் முழுக்கக் கிசுகிசுக்கும். அந்தக் கிசுகிசுப்புக்கு மேலே ஒற்றைப் பெண்குரல் எழும். அப்புறம் ஓர் ஆண்குரல், கோவிலில் வேதம் ஓதுகிற தொனியில், செய்தியை வாசிக்கும்: கப்பலின் பெயர், எத்தனை பேர். மொழி புரியாதவருக்கும் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். இதை நான் விவரம் சொல்லிக் கொடுத்த யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. நான் பேஸ் பாடுவதால் சொல்கிறேன், சங்கீத வரிகள் வரும்போது அடியில் அலை புரளுவது போலக் குரல் ஏறி இறங்கும், உள்ளே நின்று பாடும்போது உண்மையிலேயே கால் ஊன்ற இடமில்லாத மாதிரி இருக்கும்.

இன்னொன்று ரூடல்ஃப் மவ்வர்ஸ்பெர்கர். ஜெர்மனியின் டிரெஸ்டனில் க்ராய்ட்ஸ்கோர் என்ற சிறுவர் கொயரின் தலைவராக இருந்தவர். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் நகரம் எரிந்தது, அவருடைய கொயர்ச் சிறுவர்களில் 11 பேரும் போனார்கள். அவர் பைபிளில் உள்ள எரேமியாவின் புலம்பலிலிருந்து வரிகளைப் பொறுக்கி எடுத்து "நகரம் எப்படிப் பாழாய்க் கிடக்கிறது" என்று ஒரு மோட்டட், அதாவது பக்தி வரிகளுக்கான கொயர் பாட்டு, எழுதினார். அந்த வருடமே ஆகஸ்ட் 4 அன்று, எரிந்த தேவாலயத்தின் சுவர்களுக்குள் நின்று, மிஞ்சிய சிறுவர்கள் அதைப் பாடினார்கள். இசை ரொம்ப எளிமையானது, புதுமை என்று எதுவும் கிடையாது. ஏன் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.


ஏடுதேடி எழுதியது:

மேலே சொன்ன இரண்டும் எனக்கும் உயிர். ஆனால் கதை சொல்லிக் கொடுப்பதில் ஒரு குறை உண்டு, கேட்பவர் கதைக்குத்தான் அழுகிறார். கதை இல்லாத பாட்டு வந்தால் மறுபடியும் "அமைதியா இருக்கு" என்றுதான் சொல்வார். 1500 வாக்கில் எழுதப்பட்டதில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லக் கதையே இல்லை, எழுதியவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ரெண்டு வரி இருந்தால் அதிகம். அங்கே காதைத்தான் பழக்க வேண்டும்.

நான் ஷான் மூட்டோனின் நெஸியென்ஸ் மாதெர் கொடுப்பேன். பிரெஞ்சு அரசவையில் இருந்தவர், 1522இல் இறந்தார். எட்டுக் குரல். அதில் நாலு குரல்தான் அவர் எழுதியது, மற்ற நாலும் அதே நாலையும் கொஞ்சம் பின்னால், ஐந்து சுரம் தள்ளி, ஓர் எழுத்து மாறாமல் திருப்பிப் பாடும். ஒரே நேரத்தில் நாலு கேனன். இவ்வளவு கட்டுப்பாடு உள்ளே இருக்கிறது என்று வெளியே துளியும் தெரியாது, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி மென்மையாக அசைந்துகொண்டிருக்கும். நான் முதல் தடவை எதுவும் சொல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் போடுவேன். அப்புறம் "இப்போது ஒரு குரல் பாடியது இன்னொரு குரலில் வருகிறதா பார்" என்று சொல்லி அதே ஒரு நிமிடத்தை மறுபடி போடுவேன். இரண்டாவது தடவையில் கேட்பவரின் முகம் மாறும். ஒரு இழையைப் பிடித்துவிட்டால் போதும், மற்ற இழைகள் தானாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்துவிடும்.

ஒன்று முக்கியம், ஃபோன் ஸ்பீக்கரில் போடவே போடாதீர்கள். இந்த இசை உயரமான கல் கட்டடத்துக்குள் பாடுவதற்கு எழுதியது, ஒரு சுரம் முடிந்த பிறகும் சில விநாடி காற்றில் நிற்கும் என்று கணக்குப் போட்டு எழுதியது. சின்ன ஸ்பீக்கரில் கீழ்க்குரல் எல்லாம் காணாமல் போய்விடும், தணிந்த குரலில் பாடும் இடம் கேட்கவே கேட்காது, மிச்சம் இருப்பது ஒரு மாதிரி ஊளை. உங்கள் தோழி எதில் கேட்டார் என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, தேடிக் கேட்க வேண்டியவை. ஆன்ட்வான் ப்ருமெலின் எத் எக்கே தெர்ரே மோட்டுஸ், "நிலநடுக்க மாஸ்" என்பார்கள். 12 குரல். ஈஸ்டர் அன்று பாடும் ஒரு பழைய மெட்டின் முதல் ஏழு சுரத்தை எடுத்து நீளமாக இழுத்து அடித்தளமாகப் போட்டிருக்கிறார், அதன் மேல் மற்ற குரல்கள் நெருக்கியடித்து நடுங்கிக்கொண்டிருக்கும். அது நமக்குக் கிடைத்திருப்பது ம்யூனிக்கில் உள்ள ஒரு கையெழுத்துப் படியால். ப்ருமெல் இறந்து அரை நூற்றாண்டு போல ஆன பிறகு ம்யூனிக் அரசவையின் இசைத் தலைவர் ஒர்லாந்தோ டி லாஸ்ஸோ அதைத் தன் பாடகர்களுக்காகப் படியெடுக்கச் சொன்னார், பாடியவர்களின் பெயர்கூட அதில் குறித்திருக்கிறது, லாஸ்ஸோவும் அதில் ஒரு டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல். கடைசித் தாள்கள் இற்றுப்போய், ஆக்னுஸ் தேயியில் ஓட்டை விழுந்துவிட்டது. இப்போது பாடுகிறவர்கள் அந்த இடங்களை ஊகித்து நிரப்பிப் பாடுகிறார்கள்.

ஈட்டன் கொயர்புக் என்று ஒரு பெரிய ஏடு இருக்கிறது, 1500ஐ ஒட்டி ஈட்டன் கல்லூரிக்காக எழுதப்பட்டது. ஏறக்குறைய 60 செ.மீ. உயரம், ஒரே புத்தகத்தை மேடையில் விரித்து வைத்து மொத்தக் கொயரும் அதைச் சுற்றி நின்று பார்த்துப் பாடும். 93 பாட்டு இருந்தது, இப்போது மிஞ்சியது 64, அதிலும் சில அரைகுறை. மதச் சீர்திருத்தத்தின்போது இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஏடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன, இது எப்படியோ தப்பியது. ஜான் ப்ரௌன் என்பவரின் ஆறு குரல் ஸ்தாபாத் மாதெர், சிலுவையடியில் நிற்கும் மரியாவைப் பற்றிய பாட்டு, அதில் இருக்கிறது. சிலுவையில் அறையச் சொல்லிக் கூட்டம் கத்தும் இடத்தில் அதுவரை நீளமாக ஓடிக்கொண்டிருந்த குரல்கள் திடீரென்று ஒன்றாகச் சேர்ந்து வெட்டி வெட்டிப் பாடும். இந்த ஒரு ஏடும் எரிந்திருந்தால் ப்ரௌனின் லத்தீன் பாட்டு ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது. எனக்கு அவரைக் கேட்கும்போதெல்லாம் எரிந்துபோன மற்ற ஏடுகளின் நினைவுதான்.

இன்னும் இரண்டு பெயர். விசென்டே லுஸிடானோ, போர்ச்சுகல்காரர், ஆப்பிரிக்க வம்சாவளி உள்ளவர் என்று பழைய போர்ச்சுகீசியக் குறிப்பு சொல்கிறது. 1551இல் ரோமில் நிக்கோலா விசென்டினோவோடு இசைக் கோட்பாடு பற்றி ஒரு பெரிய வாதத்தில் மோதி ஜெயித்தார், அதே வருடம் அவருடைய மோட்டட் தொகுப்பும் அச்சானது. ஜெயித்தவர் மறக்கப்பட்டார், தோற்றவர் பெயர்தான் பாடப்புத்தகங்களில் நின்றது. அவருடைய ஹேயு மே தோமினே கேளுங்கள், அரைச்சுரம் அரைச்சுரமாக ஊர்ந்து போகும், எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் என்றே சந்தேகம் வரும். அடுத்தது ரஃபாயெல்லா அலேயோட்டி, ஃபெர்ராராவில் சான் வீட்டோ மடத்துக் கன்னியாஸ்திரி, 1593இல் வெனிஸில் அவருடைய மோட்டட் நூல் வந்தது. பெண் ஒருவர் எழுதிய பக்தி இசை தனி நூலாக அச்சேறியது அதுதான் முதல் முறை.


புதுச்சுரம் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். பழசு ஒரு நாள், புதுசு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுக்காமல், இரண்டும் ஒரே பாட்டுக்குள் இருப்பதைக் கொடுங்கள்.

நார்வேயின் க்னூட் நிஸ்டெட் 1988இல் செய்த இம்மார்ட்டல் பாக். எடுத்துக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் "வா, இனிய மரணமே" என்ற சின்னப் பாட்டு. முதலில் கொயர் அதை அப்படியே, பாக் எழுதியபடியே பாடும். அப்புறம் கொயர் பல குழுவாகப் பிரிந்து அதே சுரங்களை மறுபடி பாடும், ஆனால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வேகத்தில். ஒரு குழு அடுத்த சுரத்துக்குப் போயிருக்கும், இன்னொன்று பழைய சுரத்திலேயே கார்வை கொடுத்து நிற்கும், பாக்கின் இசை கண்ணெதிரே கரைந்து மேகம் மாதிரி விரியும். வரி முடியும்போது எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கடைசிச் சுரத்தில் சேர்ந்துவிடுவார்கள். நிஸ்டெட் புதிதாக ஒரு சுரம்கூடச் சேர்க்கவில்லை. மொத்தம் சில நிமிடம்தான், முன்னறிவு எதுவும் வேண்டாம்.

அது பிடித்தால் அடுத்தது ஸ்வென் டேவிட் சான்ட்ஸ்ட்ரோம், ஸ்வீடன், 1986. ஹென்றி பர்செல் 1682 வாக்கில் எழுதிய எட்டுக் குரல் பாட்டு ஒன்று, "என் விண்ணப்பத்தைக் கேளும் ஆண்டவரே" என்று தொடங்குவது, 34 பார் (தாளக் கட்டம்) வந்து நின்றுவிடும். பெரிய படைப்பின் தொடக்கமாக இருக்க வேண்டும், தொடர்ச்சி இல்லை. சான்ட்ஸ்ட்ரோம் முதலில் பர்செலை முழுசாகப் பாட விட்டு, அவர் நின்ற இடத்திலிருந்து தான் தொடர்வார். மாறும் இடம் எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். 300 வருட இடைவெளி எங்கே வந்தது என்று கேட்பவரே கண்டுபிடிக்கட்டும்.


பாடிப்பார் எழுதியது:

எல்லாரும் எதைக் கேட்க வைப்பது என்றே பேசுகிறீர்கள், நான் பாட வைப்பேன். உள்குரலே பாருங்கள், நீங்கள் ஆல்ட்டோ வரிசையில் நின்றுதான் இதற்குள் வந்தீர்கள், கேட்டு மட்டும் வந்திருந்தால் நீங்களும் பின்னால் ஓடவிட்டிருப்பீர்கள். ஒரு வரியைத் தன் தொண்டையில் பிடித்து நிற்கும்போது பக்கத்தில் வேறொரு சுரம் வந்து உரசினால் உடம்பே சொல்லிவிடும், விளக்கம் தேவைப்படாது.

பாடத் தெரியாது என்பவர்களுக்கு எஸ்டோனியாவின் வெல்யோ டோர்மிஸ் (1930 முதல் 2017 வரை வாழ்ந்தவர்) ரொம்பப் பொருத்தம். அவர் எடுத்தது அந்தப் பகுதியின் ஆதிப் பாட்டுகள், ஒருவர் ஒரு வரி பாட மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடும் முறை, மெட்டு சில சுரங்களுக்குள்ளேயே சுற்றும். மறக்கப்பட்ட மக்கள் என்ற பெயரில் 1970இல் தொடங்கி 1989 வரை ஆறு தொகுதி செய்தார், பால்டிக் கடலைச் சுற்றி மொழி தேய்ந்துகொண்டிருந்த ஆறு இனங்களுக்கு ஒவ்வொன்று. முதல் தொகுதி லிவோனியர்களுடையது, பறவைகளை எழுப்பும் பாட்டில் ஆரம்பிக்கும். லிவோனிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் 2013இல் இறந்துவிட்டார். இப்போது அந்தச் சொற்களை வாயால் உச்சரிப்பவர்களில் கொயர் பாடகர்கள்தான் கணிசமான பேர் என்று நினைக்கும்போது, ஒத்திகையில் ஓர் உயிரெழுத்தைத் தப்பாகச் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. லிவோனியத் தொகுதியைப் புதியவர்கள் பாட முடியாது, ஆனால் அதன் மூல மெட்டுகளை முடியும். நாலு பேர் வட்டமாக நின்று நான் ஒரு வரி சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல, பத்து நிமிடம் கழித்து டோர்மிஸின் கொயர் வடிவத்தைப் போட்டால், தங்கள் வரி அந்தக் கூட்டத்துக்குள் எங்கே இருக்கிறது என்று அவர்களே தேடுவார்கள்.

பழைய இசைக்கான நொட்டேஷன் வேண்டும் என்றால் 1998இலிருந்து இயங்கும் கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற இணையதளத்தில் பாருங்கள், இலவசம், மூட்டோனும் பர்செலும் எல்லாம் கிடைக்கும். டோர்மிஸ், நிஸ்டெட் போன்றவர்களுடையதுக்கு உரிமை உண்டு, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வாங்கியே பாடுங்கள். இந்த இசையை எழுதிப் பிழைப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.


உள்குரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரமாக இவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். லுஸிடானோ எனக்கே புதுசு. ப்ரௌன் ஒத்திகைக்குப் போகும் வழியெல்லாம் ஓடுகிறது.

ஏடுதேடி, நீங்கள் சொன்னபடி விசாரித்தேன், என் தோழி ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில்தான் கேட்டிருக்கிறாள். அதனால் நேற்று அவளிடம் நல்ல ஹெட்ஃபோனைக் கொடுத்து, விளக்கைக் குறைத்து, இம்மார்ட்டல் பாக் போட்டேன். எதுவும் சொல்லவில்லை. முதல் தடவை பாக் வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தாள். இரண்டாவது தடவை குரல்கள் பிரிய ஆரம்பித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஏதோ தப்பாகிவிட்டதா என்கிற மாதிரி. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவளே மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள்.

இரண்டாம் முறை கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்: ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் போகிறார்களே, வரி முடியும் இடத்தில் எப்படித் தவறாமல் ஒன்றுசேர்கிறார்கள்?


புதுச்சுரம் எழுதியது:

நல்ல கேள்வி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுரத்தை எத்தனை நேரம் பிடிக்க வேண்டும் என்று தனியாகக் கொடுத்திருக்கும், தங்கள் கணக்கைத் தாங்களே மனதுக்குள் எண்ணிக்கொள்வார்கள், அடுத்த குழுவைப் பார்த்துப் போகக் கூடாது. வேகமான குழு வரியின் கடைசிச் சுரத்துக்கு முதலில் வந்துவிடும். வந்ததும் அங்கேயே நிற்கும், மூச்சு மாற்றி மாற்றி எடுத்துச் சத்தம் அறாமல் பிடித்துக்கொண்டிருக்கும், கடைசிக் குழு வந்து சேரும்வரை. எல்லாரும் வந்தது காதில் விழுந்ததும் நடத்துபவர் அடுத்த வரிக்குக் கை காட்டுவார். நான் பாடியபோது மெதுவான குழுவில் இருந்தேன், மற்ற எல்லாரும் ஏற்கெனவே அந்தச் சுரத்தில் நிற்க, நாங்கள் கடைசியாகப் போய் அதற்குள் இறங்கினோம். உங்கள் தோழிக்கு மூன்றாம் முறை போடும்போது அந்தக் கடைசிக் குரலை மட்டும் தொடர்ந்து போகச் சொல்லுங்கள்.